பீங்கானின் நீலமும் பெயரில்லாக் கைகளும்

விருந்தினரை உண்பித்து மகிழ்வது நம் மக்களின் பண்பு. அவ்விருந்தின் சிறப்பைப் பேசுவோர் சோற்றின் மணத்தையும் கறியின் சுவையையும் பேசுவர். பரிமாறிய கையையும் பாராட்டுவர். உணவைத் தாங்கிய கலத்தைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. நம் கடற்கரை ஊர்களின் பழைய வீடுகளில், கண்ணாடி அலமாரிகளில், நீலப் பூக்கள் தீட்டிய பீங்கான்கள் அடுக்கி வைக்கப்பட்டிருத்தலை இன்றும் காணலாம். அவற்றைப் பற்றிக் கேட்டால் வீட்டுப் பெரியவர்கள் விரிவாகவே விடை தருவர். இன்ன பாட்டனார் பினாங்கிலிருந்து கொண்டுவந்தது, இன்னாருடைய நிக்காஹ் விருந்தில் புழங்கியது, இத்தனை சஹன்களில் இத்தனைதாம் எஞ்சின என்றெல்லாம் கூறுவர். கொண்டுவந்தவர் பெயர் தெரியும். உண்டவர் பெயரும் தெரியும். செய்தவர் யார் என்னும் கேள்விக்கு மட்டும் விடை இல்லை. அக்கேள்வியை எழுப்புவோரும் இல்லை.

இக்கேள்வியை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ்த்துறை மலரில் தட்டைப் பற்றிய கட்டுரையா என்று சிலர் வியக்கலாம். வியப்பதற்கு ஒன்றுமில்லை. 'பீங்கான்' என்னும் சொல்லே பாரசீகத்திலிருந்து தமிழுக்கு வந்தது. 'சஹன்' அரபுச் சொல். இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 1987-ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. சீனத்தின் மண்ணும் பாரசீகத்தின் சொல்லும் தமிழ்க் கடற்கரையில் சந்தித்துள்ளன. ஆகவே அக்கலத்தின் பிறப்பிடம்வரை சென்று பார்த்துவருவது நமக்குப் புறம்பான வேலை அன்று.

மண் கலமாகும் வழி

தென்சீனத்தின் கியாங்சி மாநிலத்தில் உள்ளது ஜிங்தேஜென் என்னும் ஊர். நீலமும் வெண்மையும் கலந்த பீங்கான் உலகெங்கும் புகழ் பெற்றது இவ்வூரால்தான். இங்குப் பீங்கானுக்கு இரண்டு மூலப்பொருள்கள் வேண்டும். ஒன்று, மலையிலிருந்து வெட்டியெடுக்கும் ஒருவகை வெண்கல். அதனை ஓடைநீரின் விசையால் ஏறி இறங்கும் உலக்கைகள் இடித்து மாவாக்கும். அம்மாவை நீரில் கரைத்துத் தெளியவைத்துச் சிறு செங்கற்களாக வார்ப்பர். மற்றொன்று வெண்களிமண். அருகிலுள்ள காவ்லிங் என்னும் ஊரில் கிடைத்தமையால் அம்மண்ணுக்கு உலகம் முழுவதும் 'கயோலின்' என்னும் பெயர் நிலைத்துவிட்டது. கல் உருகிக் கண்ணாடிபோல் இறுகும்; களிமண் உருக்குலையாமல் தாங்கும். ஒன்றை மற்றொன்றின் தசை என்றும் எலும்பு என்றும் உவமை கூறுவதுண்டு.

பிசைந்த மண்ணைச் சக்கரத்தில் ஒருவர் வனைவார். அச்சில் அழுத்தி அளவைச் சரிசெய்பவர் வேறொருவர். நன்கு உலர்ந்தபின் மீண்டும் சக்கரத்தில் ஏற்றிக் கூரிய கருவியால் சுற்றிலும் சீவி மெல்லியதாக்குபவர் இன்னொருவர். ஒரு மயிரிழை கூடுதலாகச் சீவினால் கலம் உடையும். குறைவாகச் சீவினால் கனக்கும். விரலால் தட்டிப் பார்த்து, ஒலியைக் கொண்டு கனத்தை அறியும் தேர்ச்சி அவருக்கு வேண்டும்.

சுடப்படாத இந்த மண்கலத்தின்மேல்தான் கோபால்ட் என்னும் கனிமத்தைக் குழைத்துத் தூரிகையால் தீட்டுவர். உலர்ந்த மண் நீரை உடனே உறிஞ்சிக்கொள்ளும். இட்ட கோடு இட்டதுதான், அழித்தெழுத இயலாது. வியப்பு யாதெனில், தீட்டும்போது அந்நிறம் நீலமாகவே இராது. சாம்பலும் கருமையும் கலந்த மங்கல் நிறத்தைத்தான் ஓவியர் தம் கண்ணால் காண்கிறார். எந்த இடத்தில் நீலம் ஆழமாகும், எந்த இடத்தில் வெளிறும் என்பதை மனத்தாலேயே கண்டு தீட்ட வேண்டும். அதன்பின் கலத்தை மெருகுக் கரைசலில் தோய்ப்பர். அல்லது மெல்லிய துணி கட்டிய மூங்கில் குழலால் மெருகை ஊதிப் படியவைப்பர். தீயின் சுவாலையும் சாம்பலும் நேரே படாதவாறு மண் உறைகளில் வைத்துச் சூளையில் அடுக்குவர். பைன் விறகின் தீயில், ஏறத்தாழ 1,300 பாகை செல்சியசு வெப்பத்தில், மண் பீங்கானாகும்; மங்கல் நிறம் நீலமாகும்.

சிவப்பு, பச்சை, மஞ்சள் முதலிய வண்ணங்கள் வேண்டுமாயின், சுட்டெடுத்த கலத்தின் மெருகின்மேல் மீண்டும் தீட்டி, குறைந்த வெப்பத்தில் இரண்டாம் முறை சுட வேண்டும். ஆக, பல வண்ணப் பூத்தட்டு ஒன்று தீயை இருமுறை கண்டுவந்தது என்று அறிதல் வேண்டும்.

நீலம் வந்த வழி

இந்நீலத்திற்கும் முஸ்லிம் உலகிற்கும் உள்ள உறவு நம் மாணவர் அறியத்தக்கது. பொன், வெள்ளிப் பாத்திரங்களில் உண்பது இஸ்லாத்தில் விலக்கப்பட்டதாகும். அதனால் மண்ணாலான கலங்களை அழகுபடுத்தும் கலை முஸ்லிம் நாடுகளில் ஊக்கம் பெற்றது எனக் கலை வரலாற்றாசிரியர் சிலர் கருதுவர். பாரசீகத்தின் காஷான் நகரையடுத்த கம்சர் என்னும் ஊரில் கோபால்ட் கனிமம் கிடைத்தது. காஷான் நகரத்துக் குயவர் குடும்பத்தில் பிறந்த அபுல் காசிம் என்பார் 1301-ஆம் ஆண்டில் எழுதிய நூற்பகுதியில் இக்கனிமத்தைக் குறிப்பிட்டுள்ளார். மங்கோலியர் ஆட்சியில் பாரசீகமும் சீனமும் வணிகத்தால் நெருங்கியபோது, அந்நீலம் ஜிங்தேஜென் சென்றது. பிற்காலத்தில் சீனர் ஒருவகை நீலத்திற்கு 'முஸ்லிம் நீலம்' என்று பொருள்படும் பெயரையே இட்டு வழங்கினர். காலப்போக்கில் சீனத்திலேயே கிடைத்த கோபால்ட் வழக்குக்கு வந்தது.

மிங் மரபின் செங்தே மன்னர் காலத்தில், 1506 முதல் 1521 வரை, அரபு, பாரசீக எழுத்துகள் தீட்டிய பீங்கான்கள் அங்குச் செய்யப்பட்டன. தட்டும் கிண்ணமும் மட்டுமல்ல, எழுதுகோல் தாங்கிகளும் அவற்றுள் உண்டு. அவற்றைத் தீட்டிய கைகளில் பெரும்பாலானவை அம்மொழிகளை அறியா என்று கருதுவதே பொருந்தும். பொருள் அறியாத எழுத்தைப் பூவைத் தீட்டுவதுபோல் தீட்டினர். அவ்வெழுத்தைப் படிக்க வல்லவர் கலத்தை வாங்கினர். எழுதியவரோ தாம் எழுதியது யாது என்று அறியாமலே மறைந்தார்.

எழுபத்திரண்டு கைகள்

சீன அறிஞர் சொங் யிங்சிங் 1637-இல் வெளியிட்ட தொழில்நுட்ப நூலில், ஒரு கலம் முழுமை பெறுவதற்குள் எழுபத்திரண்டு கைகளைக் கடக்கிறது என்று கணக்கிட்டுள்ளார். சிறு வேலைகளைச் சேர்க்காத கணக்கு அது.

ஓவிய வேலையும் அவ்வாறே பகுக்கப்பட்டது. பிரெஞ்சு நாட்டுப் பாதிரியார் தாந்த்ரகோல் என்பவர் ஜிங்தேஜென்னில் வாழ்ந்து, தாம் கண்டவற்றை 1712, 1722 ஆகிய ஆண்டுகளில் மடல்களாக எழுதினார். விளிம்பில் வண்ண வளையம் இடுபவர் அதனை மட்டுமே இடுவார். பூவின் உருவை வரைபவர் ஒருவர். அதில் நிறம் நிரப்புபவர் மற்றொருவர். மலையும் நீரும் தீட்டுபவர் பறவையைத் தீட்டமாட்டார். இவ்வோவியர்களும் பிற கூலியாட்களைப் போலவே வறியவர்கள் என்று அவர் குறித்துள்ளார்.

மற்றொரு சான்று அரசாங்கத்தின் உள்ளிருந்தே கிடைக்கிறது. தாங் யிங் என்னும் அதிகாரி 1728-இல் அரசுச் சூளைகளின் பணிக்கு வந்தார். தொழிலறியாத அதிகாரியாக இருக்க அவர் மனம் ஒப்பவில்லை. நண்பர் உறவைத் துறந்து, மூன்றாண்டுகள் தொழிலாளருடன் உண்டு உறங்கி வேலை கற்றார். 1743-இல் மன்னரின் ஆணைப்படி, பீங்கான் தொழிலைக் காட்டும் இருபது ஓவியங்களுக்கு விளக்கவுரை எழுதினார். வரைபவர் நிறம் நிரப்பக் கற்பதில்லை, நிறம் நிரப்புபவர் வரையக் கற்பதில்லை என்பதையும், பல கைகள் தீட்டியது ஒரு கை தீட்டியதுபோல் தோன்றவேண்டும் என்பதே அதன் காரணம் என்பதையும் அவர் தெளிவாக்குகிறார். சூளையிலிருந்து கலங்களை எடுப்போரைப் பற்றியும் எழுதுகிறார். சூடு முற்றும் ஆறாத சூளைக்குள், பல மடிப்புத் துணியால் தைத்த கையுறைகளைக் குளிர்ந்த நீரில் நனைத்து அணிந்து, தலையையும் முகத்தையும் தோளையும் முதுகையும் ஈரத்துணியால் போர்த்திக்கொண்டு அவர்கள் நுழைவராம்.

ஆயினும் நம் நெஞ்சை உறுத்துவது, வண்ணம் அரைப்போரைப் பற்றி அவர் எழுதியுள்ள பகுதியேயாகும். கோபால்டைக் கல்வத்திலிட்டுக் குழவியால் ஒரு திங்கள் முழுவதும் அரைத்தால்தான் அது தீட்டுதற்குரிய மென்மை பெறும். ஒரு திங்கள் அரைப்பதற்குக் கூலி மூன்று மேஸ் வெள்ளி. நம் கணக்கில் ஏறக்குறைய ஒரு தோலா. இரு கைகளாலும் இரண்டு கல்வங்களில் அரைத்தால் இரட்டைக் கூலி. இரவு நெடுநேரம் கண்விழித்து அரைத்தாலும் இரட்டைக் கூலி. முதியோரும், சிறுவரும், கால் ஊனமுற்றோரும், நோயாளரும் இவ்வேலையால் உயிர் வாழ்ந்தனர். பார்வையற்றோரும் வண்ணம் அரைத்துப் பிழைக்கின்றனர் என்று முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே தாந்த்ரகோலும் எழுதியிருக்கிறார்.

இவ்விடத்தில் சற்றே நின்று எண்ணுதல் வேண்டும். உலகம் வியந்து போற்றும் அந்நீலத்தை அரைத்தவருள் நீலத்தையே காண இயலாதவர் இருந்தார். அரண்மனை விருந்துகளை அழகு செய்த வண்ணம், நடக்க இயலாத ஒருவரின் மடியருகே இருந்த கல்வத்தில் பிறந்தது. வேறு வேலைக்கு ஏற்கப்படாதோர்க்கு அத்தொழில் சோறு போட்டது என்று மகிழ்வதா, ஒரு திங்கள் உழைப்புக்கு ஒரு தோலா வெள்ளிதானா என்று வருந்துவதா? இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது நேர்மையாகாது.

யார் பெயர் எழுதப்பட்டது?

பீங்கானில் பெயரே எழுதப்படவில்லை என்று எண்ணற்க. பெயர்கள் உண்டு. 1351-ஆம் ஆண்டு குறிக்கப்பெற்ற இரண்டு பெரிய நீலவண்ணச் சாடிகள் இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றின் கழுத்தில் நாளும், ஊரும், கோயிலுக்கு அவற்றைக் கொடையளித்தவர் பெயரும் எழுதப்பட்டுள்ளன. அரசுச் சூளைக் கலங்களின் அடியில் ஆளும் மன்னரின் ஆட்சிக் குறி தீட்டப்பட்டது. அதை எழுதுவதற்கென்றே தனி ஆள் இருந்தார். பாரசீகத்தின் ஷா அப்பாஸ் 1611-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீனப் பீங்கான்களை அர்தபீல் நகரின் அடக்கத் தலத்திற்கு வக்ஃபு செய்தார். அக்கலங்களில் தம் வக்ஃபு முத்திரையைப் பொறிக்கச் செய்தார்.

ஆக, கொடுத்தவர் பெயர் உண்டு. ஆண்டவர் பெயர் உண்டு. வக்ஃபு செய்தவர் பெயரும் உண்டு. அடியில் மன்னரின் குறியும் மேலே ஷாவின் முத்திரையுமாக விளங்கும் கலத்தில், இரண்டிற்கும் இடையே படர்ந்துள்ள கொடியையும் பூவையும் தீட்டியவர் பெயர் இல்லை.

விதிவிலக்காக ஒரு தொழிலாளியின் பெயர் நிலைத்துள்ளது. அவர் பெயர் துங் பின். 1599-இல் அரண்மனைக்குரிய மிகப்பெரிய தொட்டிகள் சூளையில் மீண்டும் மீண்டும் பழுதாகியபோது, மேற்பார்வைக்கு வந்த அதிகாரி தொழிலாளரைக் கொடுமைப்படுத்தினார். அது பொறாத துங் பின் தாமே சூளைத் தீயில் பாய்ந்து உயிர் துறந்தார் என்பது அவ்வூர் மரபு. ஜிங்தேஜென் மக்கள் அவரைச் சூளையின் காவலராகக் கொண்டாடினர். பின்வந்த தாங் யிங் அவர் வரலாற்றை எழுதி வைத்தார். ஒரு தொழிலாளியின் பெயர் நிலைக்க அவர் தீயில் விழ வேண்டியிருந்தது என்பதை எண்ணும்போது நாம் பெருமைப்படுவதற்கு எதுவும் இல்லை.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

புகழை நாடாமல் பணிசெய்வதன்றோ உயர்பண்பு, பெயர் இல்லாமையை ஏன் குறையாகக் கருத வேண்டும் என்று பெரியோர் வினவலாம். மதிக்கத்தக்க வினாவே. புகழ் தேடாமை உழைப்பவரின் நற்பண்பு. ஆனால் உரிய மதிப்பைக் கொடாமை, பயன் பெறுபவரின் குற்றம். முன்னதைக் காட்டிப் பின்னதை மறைத்தல் ஆகாது. கூலியாளின் வியர்வை உலருமுன்னரே அவர்க்குரிய கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் மேடைதோறும் கூறுகிறோம். வியர்வையைக் காணாதவர் அது உலர்வதை எவ்வாறு அறிவார்? உழைப்பைக் காண்பதே உரிய கூலிக்கு முதற்படி என்பது எம் கருத்து.

அழகை அழகாகவே நுகராமல் கூலிக்கணக்குப் பார்ப்பது சுவையைக் கெடுக்கும் என்போரும் உளர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. மங்கல் நிறத்தைக் கண்டுகொண்டே நீலத்தை மனத்தில் வைத்துத் தீட்டியவரின் தேர்ச்சியை அறிந்தபின் அத்தட்டின் அழகு நமக்குப் பெருகுகிறதேயன்றிக் குறையவில்லை. தமிழ் மரபும் இதற்கு அரண் செய்கிறது. சங்கத் தமிழ் குயவரை 'வேட்கோ' எனப் பெயரிட்டு அழைத்தது. புறநானூற்றின் 228, 256-ஆம் பாடல்கள் குயவரை நேரே விளித்துப் பேசுகின்றன. ஈமத்தாழி வேண்டிய துயரப் பொழுதிலும், கலத்தை மட்டும் பாராமல் அதனைச் செய்பவரை முன்னிறுத்திப் பேசிய மரபு நம்முடையது.

அச்சுப் பூக்களின் காலம்

இன்று நம் கடைகளில் விற்கும் பூத்தட்டுகளில் மிகப் பல கையால் தீட்டப்பட்டவை அல்ல. அச்சிட்ட பூக்களை ஒட்டிச் சுட்டவை. இம்மாற்றம் 18-ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கியது. லிவர்பூல் நகரில் ஜான் சாட்லரும் கய் கிரீனும் 1756-ஆம் ஆண்டில், ஆறு மணி நேரத்தில் 1,200-க்கும் மேற்பட்ட சுவர் ஓடுகளில் படம் அச்சிட்டதாக உறுதிமொழி அளித்தனர். பின்னர் அம்முறை உண்கலங்களுக்கும் பரவியது. ஏழை வீட்டிலும் பூத்தட்டு புழங்க வழி பிறந்தது. அதை நாம் பழிக்கவில்லை. ஆனால் அச்சு வந்ததும் கையின் உழைப்பு ஒழிந்தது என்று எண்ணுவது தவறு. அச்சுத்தாளை நீரில் ஊறவைத்து, படத்தை வழுக்கியெடுத்து, வளைந்த தட்டின்மேல் சுருக்கமும் குமிழியும் இன்றிப் படியவைப்பது பல தொழிலகங்களில் இன்றும் மனிதக் கைகளே.

இத்தொழில் உடலிடம் பெற்ற விலையும் பெரிது. உலர்ந்த கலத்தைச் சீவும்போது எழும் சிலிக்காத் துகள் நுரையீரலைக் கெடுக்கும். இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் பகுதியில், ஈயம் கலந்த மெருகில் கலங்களைத் தோய்த்த ஆண்களும் பெண்களும் 19-ஆம் நூற்றாண்டில் ஈய நஞ்சுக்கு ஆளாயினர். நம் நாட்டிலும் உத்தரப்பிரதேசத்தின் குர்ஜா நகரம் வண்ணக் கலங்களுக்குப் பெயர்பெற்றது. அங்கிருந்து வரும் கோப்பையில் தேநீர் அருந்துகிறோம். அந்நகரைப் பாடநூலில்கூட அறிந்திலோம்.

நாம் செய்யத்தக்கன

இக்கல்லூரியின் மாணவர்க்கும் சமுதாயப் பெரியோர்க்கும் மூன்று செய்திகளை முன்வைக்க விரும்புகிறோம்.

முதலாவது, வீடுகளில் எஞ்சியுள்ள பழம்பீங்கான்களைப் பற்றியது. பழம்பொருள் வணிகர் வாயிலில் வந்து நின்று கேட்கும் விலைக்கு அவற்றைக் கொடுத்துவிடும் வழக்கம் பரவி வருகிறது. விற்பது அவரவர் உரிமை. ஆனால் விற்பதற்கு முன்பேனும் கலத்தைக் கவிழ்த்து அடியிலுள்ள குறியைப் பாருங்கள், படியெடுத்து வையுங்கள், எந்த ஊரிலிருந்து, எவ்வாண்டில், எவர் வழி வந்தது என எழுதி வையுங்கள். எழுதும் தாளில் 'செய்தவர்' என்று ஓர் இடம் விடுங்கள். அது வெற்றிடமாகவே இருக்கும். எனினும், நாம் அறியாத ஒருவர் அங்கு இருக்கிறார் என்பதை அவ்வெற்றிடம் நினைவூட்டும்.

இரண்டாவது, எம் துறை மாணவர்க்குரியது. ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடி நூலகத்திலேயே உழல்கிறீர்கள். ஊரின் குயவரையும், கன்னாரையும், பாய் முடைவோரையும் சென்று காணுங்கள். அவர்தம் தொழிற்சொற்களையும் வேலைமுறையையும் அவர்கள் வாய்மொழியாகவே பதிவு செய்யுங்கள்; சொன்னவர் இசைந்தால் அவர் பெயரையும் முதற்பக்கத்தில் எழுதுங்கள். மூன்றாண்டுகள் தொழிலாளருடன் உண்டுறங்கிக் கற்றபின் எழுதிய தாங் யிங்கின் முறை, களஆய்வு செய்ய விழையும் எவர்க்கும் நல்ல முன்மாதிரி.

மூன்றாவது, விலை பேசும் நம் அனைவர்க்கும் உரியது. கையால் தீட்டிய தட்டில் ஒரு பூவைப்போல் மற்றொரு பூ இராது. தூரிகை அழுந்திய இடமும் மெலிந்த இடமும் தெரியும். அவ்வேறுபாட்டைக் குறையெனக் காட்டி, அச்சுத்தட்டின் விலைக்குக் கேட்கிறோம். அவ்வாறு கேட்பது ஒருவரின் பல்லாண்டுத் தேர்ச்சியைத் தள்ளுபடி செய்யக் கேட்பதாகும். உரிய விலை கொடுக்க இயலாவிடில், அச்சுத்தட்டையே வாங்கலாம்; அதில் இழுக்கு இல்லை. கைவேலையை விரும்பிக்கொண்டே கைக்கூலியை மறுப்பதுதான் இழுக்கு.

சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும்போது நாம் ஏற்றத்தாழ்வு பாராட்டுவதில்லை. செல்வரும் வறியவரும் ஒரே கலத்தில் கைவைக்கிறோம். அச்சமத்துவம் கலத்தைச் செய்தவரையும் உள்ளடக்குதல் வேண்டும். உண்டு முடித்துக் கை கழுவும் முன், எஞ்சிய பருக்கைகளுக்கிடையே தெரியும் அந்நீலப் பூவை ஒருமுறை உற்றுப் பாருங்கள். அதனை ஒருவர் அரைத்தார், ஒருவர் வரைந்தார், ஒருவர் தீயிலிருந்து எடுத்தார் என்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.